ஆளுக்கு எத்தனை தூண்டில்?

வாசகர் கேள்வி:

ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து எழுதுகிறேன். கனடாவில் இருந்து லீவுக்கு வந்த மச்சான் ஆறு றீல் தூண்டில் கொண்டுவந்தார். போன சனிக்கிழமை பின்னேரம் பக்கத்துக் குளத்து அலைகரையில் ஆறையும் வரிசையாகக் குத்திவிட்டு இருந்தோம். நாங்கள் இரண்டு பேர், கூட என் ஒன்பது வயது மகன். மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் தோணியில் வந்து, "அண்ணை, தூண்டில் போட வந்தனீங்களோ, வேலி அடைக்க வந்தனீங்களோ?" என்று கேட்டு நாலைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மச்சானுக்குச் சரியான கோபம். கனடாவில் ஒருவருக்கு ஒன்றுதானாம், இங்கே அப்படிச் சட்டம் ஏது என்கிறார். லண்டனில் இருக்கிற அக்காவின் மகன் அங்கே இரண்டு என்கிறான். உண்மையில் ஒருவர் எத்தனை போடலாம்? சங்கத்துக்கு எங்களைத் தடுக்க உரிமை உண்டா? ஒரே நூலில் ஐந்து முள் கட்டினால் அது ஒன்றா, ஐந்தா? இரவில் கட்டிவிட்டு விடிய வந்து பார்க்கலாமா? மகனின் கணக்கில் இரண்டு வைக்கலாமா?

பதில்:

உங்கள் குளத்துக்கு என்னுடைய கணக்கு, ஆளுக்கு இரண்டு. அதுவும் சங்கத்திடம் கேட்ட பிறகு. இரண்டும் நீங்கள் இருக்கிற இடத்தில் இருந்து எழும்பி ஐந்து விநாடிக்குள் கை வைக்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

மச்சான் சொல்வதில் பாதி சரி. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தைப் புரட்டினால் 'ஒருவருக்கு இத்தனை தூண்டில்' என்ற வரி அதில் கிடையாது. அந்தச் சட்டம் வேறு விதமாக யோசிக்கிறது. ஒழுங்குவிதியில் குறிக்கப்பட்ட மீன்பிடி முறை எதுவானாலும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது அதன் 6 ஆம் பிரிவு. வெடி, நஞ்சு, மயக்கமருந்து கூடாது என்பது 27 ஆம் பிரிவு. குளத்து வலைகளைப் பொறுத்தவரை கண்ணின் அளவுதான் பெரிய விசயம்: இழுத்துப் பிடித்து அளந்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் கூடாது. நம்முடைய நன்னீர் மீன்பிடி பெரும்பாலும் வலையை வைத்து நடக்கிறது. அதனால் சட்டமும் வலையைத்தான் அளந்தது. பொழுதுபோக்குக்காக றீல் தூண்டிலோடு வருகிறவர்கள் ஊருக்குப் புதிது.

ஆனால் எண் எழுதப்படவில்லை என்பதற்காக எத்தனையும் போடலாம் என்று ஆகாது. மச்சானின் வாதம் வழுக்குவது இந்த இடத்தில்தான். தூண்டிலை எண்ணுவதற்கு முன் அந்தத் தண்ணீர் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வன்னியில் அது குளத்துக்குக் குளம் மாறும்.

கட்டுக்கரைக் குளம் 1954 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்கா ஆனது. இப்படியான இடங்களில் முதலில் கேட்கவேண்டியது வனஜீவராசிகள் திணைக்களத்தை. அவர்கள் 'இல்லை' என்றால் ஒரு தூண்டிலும் இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் மாதிரியான பெரிய நீர்ப்பாசனக் குளங்களில் தண்ணீரும் துருசும் (வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மதகு) வானும் (மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம்) நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில்; மீனை நம்பி இருப்பது மீன்பிடிச் சங்கத்துக் குடும்பங்கள். வான்கதவுக்கும் துருசுக்கும் கிட்டத் தூண்டில் போடுவதற்கு எண்ணிக்கை பார்க்கத் தேவையில்லை, அங்கே போகவே வேண்டாம். கதவு திறந்தால் இழுவை எவ்வளவு என்பது கரையில் நிற்கிறவனுக்குக் கடைசி நிமிடம் வரை தெரியாது.

மூன்றாவது வகைதான் ஆட்கள் அதிகம் பிழைவிடுகிற இடம்: கோடையில் வற்றுகிற சின்னப் பருவக் குளங்கள். மாரி மழையில் குளம் நிரம்பின கையோடு கட்லா, ரோகு, மிருகால், சாதாரண கெண்டை என்று குஞ்சு விடுவார்கள். சில குளங்களில் நன்னீர் இறாலும் விடுவார்கள். அந்தக் குஞ்சுகள் ஆறேழு மாதம் வளர்ந்து, தண்ணீர் வற்றுகிற நேரம் ஒரேயடியாகப் பிடிபடும். சின்னக் குளமென்றால் விவசாயிகளே அதைச் செய்வார்கள். அங்கே நிற்கிற மீன் காட்டுமீன் அல்ல, ஒருவர் காசு போட்டு விதைத்த பயிர். வயலுக்குள் இறங்கி 'நான் ஒரு கட்டு நெல்லுத்தானே அறுத்தேன்' என்று எவரும் சொல்லமாட்டார்கள். பருவக் குளத்தில் மச்சானின் ஆறு தூண்டிலும் அதே கணக்குத்தான்.

சங்கத்தின் உரிமைக்கு வருவோம். ஒரு நீர்நிலையை மீன்பிடி முகாமைத்துவப் பிரதேசமாக அறிவிக்கவும், அதற்கு மீன்பிடிக் குழு அமைக்கவும் அதே 1996 சட்டத்தின் 31, 32 ஆம் பிரிவுகளில் வழி இருக்கிறது. உங்கள் குளம் அப்படி அறிவிக்கப்பட்டதா, அங்கே எழுத்தில் ஒழுங்கு இருக்கிறதா என்பதைச் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மாவட்டத்தில் இருக்கிற நக்டா அலுவலகத்தில், அதாவது தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையில், விரிவாக்க உத்தியோகத்தரைக் கேளுங்கள். றீல் தூண்டிலுக்கு அனுமதிப்பத்திரம் தேவையா என்பதையும் அதே இடத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு அலைகரையில் நிற்காது. அறிவித்தல் ஒன்றும் இல்லாத குளம் என்றால், சங்கத்து ஆள் சொல்வது தன்னளவில் சட்டம் ஆகாது. ஆனாலும் அவர்கள் நாலைக் கழற்றச் சொன்னதற்குத் தொழில்முறைக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் இதுதான். குளத்தில் வலை பின்னேரம் படுக்கும், விடியப்புறம் எடுபடும். நீங்கள் தூண்டில் குத்தின நேரமும் அவர்கள் வலை விடப் புறப்படுகிற நேரமும் ஒன்று. கரையில் இருந்து முப்பது மீற்றருக்கு எறிந்த ஆறு நூல், அடுத்தடுத்து இரண்டு மீற்றர் இடைவெளி என்றாலும், பத்து மீற்றர் கரையை அடைத்துக்கொண்டு நிற்கும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் நூல் வில்லாக வளைந்து இன்னும் அகலும். தோணிக்காரன் அதற்குள்ளால் வரமாட்டான், வந்தால் நூல் சவளில் சுற்றும். வலை மிதப்பில் உங்கள் முள் கொழுவினால் நீங்கள் இழுப்பீர்கள், வலைக்கண் நாலைந்து அறும். வலைக்காரனுக்கு அது ஒரு நாள் பொத்தல் வேலை. வேலி என்று அவர்கள் சொன்னது பகிடிக்காக இல்லை.

ஒரு விசயம் தெளிவாக இருக்கட்டும்: தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழையில் பின்னின வலை, 2006 இல் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை வலைக்கு. உங்கள் றீலில் சுற்றியிருக்கிற ஒற்றை நூலும் தங்கூசிதான் என்றாலும் அது வலை ஆகாது. யாராவது 'தங்கூசி தடை' என்று றீலைப் பறிக்க வந்தால் இந்த வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொல்லலாம்.

இனி மற்ற நாடுகள். மச்சானும் மருமகனும் இரண்டு பேருமே சரி, ஆனால் இரண்டு பேரும் அரைவாசிதான் சொல்கிறார்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பொது விதி ஒருவருக்கு ஒரு நூல். அந்த நூலில் நாலு முள்ளுக்கு மேல் கூடாது. மூன்று நுனி உள்ள முள்ளும் ஒரே தண்டில் இருந்தால் ஒரு முள்ளாகத்தான் எண்ணப்படும். இந்தப் பொது விதிக்கு விலக்குகள் இருக்கின்றன: பேரேரிகளில் படகில் இருந்து போடும்போது பெரும்பாலான இடங்களில் இரண்டு நூல், பனிக்கட்டியில் துளைபோட்டுப் பிடிக்கும்போதும் இரண்டு. பனிக்கட்டியில் இன்னொரு நிபந்தனையும் சேரும்: எந்த நூலில் இருந்தும் நீங்கள் 60 மீற்றருக்குள் நிற்கவேண்டும், நூலும் துளையும் கண்ணுக்கு மறைப்பில்லாமல் தெரியவேண்டும். எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனால் ஒருவருக்கு மூன்று நூல். அதே கனடாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்றுதான், ஆனால் ஏரியில் படகில் தனியாக இருந்தால் இரண்டு. நீங்கள் மச்சான் வீட்டுக்குப் போகும்போது இங்கிருந்து போகிற பார்வையாளராகத்தான் கணக்கு. கனடியர் அல்லாதோருக்கான அனுமதிப்பத்திரம் தனி, அவருடைய அட்டையில் நீங்கள் போடமுடியாது. இன்னொன்று, ஒன்ராறியோவில் உயிருள்ள விராலைக் கையில் வைத்திருப்பதே குற்றம். நம்மூரில் சாக்கில் உயிரோடு கொண்டுபோய்க் கொடுத்தால் மரியாதை, அங்கே தண்டம்.

இங்கிலாந்தில் சாதாரண அனுமதிப்பத்திரத்துக்கு இரண்டு தடி. கெண்டை வகை பிடிக்கிறவர்கள் கூடக் காசு கட்டி மூன்று தடிக்கு எடுக்கலாம். சால்மனுக்கு ஒன்று. 13 வயதில் இருந்து அனுமதிப்பத்திரம் வேண்டும், 16 வரை இலவசம். அங்கே எனக்குப் பிடித்த விதி எண்ணிக்கை பற்றியது அல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட தடி போட்டால், முதல் தடியின் அடிக்கும் கடைசித் தடியின் அடிக்கும் இடையில் 3 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. இரை போட்ட தூண்டிலைத் தனியே விட்டுவிட்டுப் போவதும் குற்றம். பிரான்சில் இருக்கிற உறவுகளுக்கு இன்னொரு கணக்கு: ட்ரௌட் மீன் வாழ்கிற முதலாம் வகை நீரில் பொதுவாக ஒரு நூல், இரண்டாம் வகை நீரில் நாலு. அந்த நாலும் தடியில் பூட்டியதாக, ஒன்றுக்கு இரண்டு முள்ளுக்கு மேற்படாமல், போட்டவரின் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எண் நாட்டுக்கு நாடு மாறுகிறது. மாறாமல் இருப்பது 'பக்கத்தில்', 'கண்ணுக்குத் தெரிய', 'தனியே விடாமல்' என்கிற நிபந்தனை. பிடிக்கிற மீனுக்குத்தான் கட்டுப்பாடு இருக்கிறதே, தூண்டிலை ஏன் எண்ணவேண்டும் என்று மச்சான் கேட்கக்கூடும். திருப்பி விடுகிற மீன் எல்லாம் பிழைப்பதில்லை. ஆள் பார்க்காத தூண்டிலில் மீன் முள்ளை விழுங்கிவிடும். உதட்டில் கொழுவின மீனைக் கழற்றி விட்டால் பெரும்பாலும் நீந்திப் போய்விடும். செவுளுக்குள்ளோ குடலுக்குள்ளோ போன முள்ளை இழுத்தெடுத்தால் அது போகாது. சின்ன மீனைக் கணக்கில் சேர்க்காமல் தண்ணீரில் விட்டுவிட்டோம் என்று நீங்கள் நினைப்பீர்கள், அது நாலு முழத்துக்கு அங்கால் மல்லாந்து கிடக்கும். அதைவிட, காவலுக்கு வருகிற அதிகாரிக்கு மீனை நிறுப்பதிலும் தடியை எண்ணுவது சுலபம்.

சட்டத்தை விட்டுவிட்டு, பிடிபாட்டை மட்டும் வைத்தே பார்ப்போம். ஆறு தூண்டில் இரண்டைப் போல மூன்று மடங்கு மீன் தருமா? உங்கள் குளத்தில் அதிகம் கடிப்பது ஜப்பான் மீனாகத்தான் இருக்கும், 1952 இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட திலாப்பியா. அது இரையை ஒரேயடியாக விழுங்குவதில்லை. கொத்தும், விடும், மறுபடி கொத்தும். தடி நுனி இரண்டு தரம் மெல்லத் துடித்து ஒரு தரம் வளையும், அந்த வளைவில் மணிக்கட்டைச் சுண்டவேண்டும். இரண்டு மூன்று விநாடிதான். கோதுமை மா உருண்டையைச் சின்ன மீன்கள் அரித்துத் தின்ன, பத்து நிமிடத்தில் முள் வெறுமையாகிவிடும். நூலைச் சுற்றி எடுத்து, முள்ளைத் துடைத்து, புது இரை வைத்து, திரும்ப எறிந்து, தொய்வை இழுத்து வைக்க இரண்டு நிமிடம் போகும். ஆறு தடிக்குப் பன்னிரண்டு நிமிடம். ஆறாவதை முடித்து நிமிரும்போது முதலாவது வெறும் முள்ளோடு தண்ணீரில் கிடக்கும். நீங்கள் பின்னேரம் முழுக்க நடந்துகொண்டே இருப்பீர்கள், கடி விழுகிற தடிக்கு எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு பேர் பார்த்தால் ஆளுக்கு மூன்று, அப்போதும் ஒன்று வீண். இரண்டு தடி என்றால் ஒன்றை மாற்றும்போது மற்றது கண்ணுக்குள் நிற்கும்.

மீனைப் பொறுத்தும் இது மாறும். விராலுக்கு ஒன்றே போதும், அதுவும் கையில். தாமரை, அல்லி ஓரம் தவளையோ ரப்பர் தவளையோ இழுத்துக்கொண்டு போகவேண்டும். குத்திவிட்டு இருந்தால் விரால் நூலை வேருக்குள் கொண்டுபோய்ச் சுற்றிவிடும். சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் மேலே வந்து வந்து போவதைக் கண்டால் அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சு முழுக்க இரையாகிவிடும். கட்லா, ரோகு மாதிரியான பெரிய மீனுக்கு அடியில் இரையைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் காத்திருக்கலாம். அங்கே இரண்டாவது தடி உண்மையில் பிரயோசனப்படும், மூன்றாவதும் தாங்கும். ஆனால் அந்த மீன்கள்தான் சங்கம் குஞ்சு விட்ட மீன்கள்.

இரண்டைப் போடும் முறை இது. ஏழு அடித் தடி, 0.30 மில்லிமீற்றர் நூல், ஜப்பானுக்கு 8 ஆம் இலக்க முள், 10 முதல் 20 கிராம் வரை ஓடுகிற ஈயம். தடி அடிகளுக்கிடையில் ஒன்றரை மீற்றர் விடுங்கள். ஒன்றை நீர்த்தாவர ஓரத்துக்கு எட்டுப் பத்து மீற்றரில், மற்றதை இருபத்தைந்து மீற்றரில் போடுங்கள். ஒரே தூரத்தில் போட்டால் கொழுவின மீன் பக்கவாட்டில் ஓடி மற்ற நூலைச் சுற்றும். வெவ்வேறு தூரம் என்றால் கிட்டத்து நூலுக்கு மேலால் தூரத்து மீனைக் கொண்டுவரலாம். காற்று இடமிருந்து வலம் அடித்தால் முதலில் இடப்பக்கத் தடியை எறியுங்கள், பிறகு வலது. மாற்றி எறிந்தால் நூல் காற்றில் போய் மற்றதன்மேல் விழும். தடி நுனியைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்தால் காற்று நூலைப் பிடிப்பது குறையும். றீலின் பிரேக்கை, கையால் இழுத்தால் நூல் முனகிக்கொண்டு வரும் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்த தடியைப் பெரிய கெண்டை ஒரே இழுப்பில் குளத்துக்குள் கொண்டுபோன கதை எல்லாக் குளக்கரையிலும் கேட்கலாம். ஒன்றில் மீன் கொழுவினால் மற்றவர் உடனே அடுத்த தடியைச் சுற்றி எடுக்கட்டும். தனியாக இருந்தால் அதன் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டு மீனைப் பாருங்கள்.

தடியை விட்டு எழும்பி வீதிக்குக் கடைக்குப் போகவேண்டுமா? சுற்றி எடுத்து, முள்ளைத் தடி வளையத்தில் கொழுவிவிட்டுப் போங்கள். மணி கட்டியிருக்கிறேன், கேட்கும் என்பது சாட்டு. சோளகம் அடிக்கும்போது மணி காற்றுக்கும் அடிக்கும், மீனுக்கும் அடிக்கும்.

ஐந்து முள் கேள்விக்கு: எண்ணுகிறவர் நூலை எண்ணினால் ஒன்று, முள்ளை எண்ணினால் ஐந்து. ஒன்ராறியோ இரண்டையும் எண்ணுகிறது, அதனால் உங்கள் ஐந்து முள் நூல் அங்கே செல்லாது. இங்கே எழுத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் நூலுக்கு இரண்டு முள் போதும். ஐந்து முள்ளில் ஒரு மீன் கொழுவித் துள்ளும்போது மிச்ச நாலு முள் வெறுமையாக ஆடும். ஒன்று மகனின் கைக்குள் ஏறினால் அன்றைய பின்னேரம் ஆஸ்பத்திரியில் போகும். கைத்தூண்டில், மூங்கில் தூண்டில், றீல் எதுவானாலும் இரை போட்ட முள் தண்ணீரில் கிடந்தால் அது ஒரு தூண்டில். கூட்டி மடித்துக் கரையில் வைத்திருக்கிற மேலதிகத் தடி கணக்கில் இல்லை. மச்சான் ஆறையும் கொண்டுவரட்டும், நாலு பையில் இருக்கட்டும்.

இரவில் கட்டிவிட்டு வருவதற்குப் பதில்: வேண்டாம். ஆள் இல்லாத தூண்டில் தூண்டிலே அல்ல, அது முள் போட்ட பொறி. நான் மேலே சொன்ன எந்த நாட்டு விதியும் அதைத் தடித்தூண்டிலாக ஏற்காது. விடிய வந்து பார்க்கும்போது மீன் செத்து ஊதியிருக்கும், அல்லது ஆமையோ நீர்க்காகமோ கொழுவி இருக்கும். அதைவிடப் பெரிய காரணம் முதலை. நம் குளங்களில் முதலை இருக்கிறது. முள்ளில் கொழுவித் துடிக்கிற மீன் அதற்கு அழைப்பு. மம்மலுக்குள் நூல் சிக்கிவிட்டது என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிற ஆளுக்குத்தான் ஆபத்து. சிக்கினால் அறுத்து விடுங்கள், ஒரு முள்ளும் ஒரு ஈயமும்தான் போகும். அறுக்கும்போது கையில் மிஞ்சிய நூலைச் சுருட்டிக் கரையில் எறியாதீர்கள். அது வருசக்கணக்காக உக்காது, கொக்கின் காலில் சுற்றும். விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி வெறும் தண்ணீர்ப் போத்தலுக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

சங்கத்தோடு திரும்பக் கதைப்பது எப்படி? மச்சானை விட்டு நீங்கள் போங்கள், ஊர் ஆள் நீங்கள்தான். வலை எடுத்து மீன் நிறுத்து முடிந்த பிறகு, காலை எட்டு ஒன்பது மணிக்குப் போனால் கதைக்க நேரம் இருக்கும். ஒற்றைத் தாளில் இப்படி எழுதிக்கொண்டு போகலாம்: "நானும் உறவினர் ஒருவரும் வருகிற சனி, ஞாயிறு பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்தரை வரை, துருசில் இருந்து தள்ளி அலைகரையின் தெற்குப் பக்கத்தில், ஆளுக்கு இரண்டு தூண்டில் போட அனுமதி கேட்கிறோம். பிடிக்கும் மீன் வீட்டுக் கறிக்கு மட்டும், இரண்டு கிலோவுக்கு மேல் எடுக்கமாட்டோம். கட்லா, ரோகு, மிருகால் கொழுவினால் திருப்பி விடுவோம். விற்கமாட்டோம்." நாள், நேரம், இடம், எண், எடை எல்லாம் அதில் இருப்பதால் அவர்களுக்குத் தலையாட்டுவது சுலபம். அன்று வலை எந்தப் பக்கம் படுக்கிறது என்றும் கேளுங்கள், எதிர்ப்பக்கம் போய் இருக்கலாம். சங்கத்தில் கட்டணம் கேட்டால் பற்றுச்சீட்டோடு கொடுங்கள். 'விற்கமாட்டோம்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தூண்டில்காரர்மீது வலைக்காரருக்கு இருக்கிற ஐமிச்சம் பெரும்பாலும் தடியின் எண்ணிக்கையில் இல்லை, பிடித்த மீன் அன்றைக்கே சந்தியில் விலைக்கு வருவதில்தான்.

கடைசியாக மகன். தன் கணக்கில் ஒரு தூண்டில் போட அவனுக்கு முழு உரிமையும் இருக்கட்டும், சங்கத்துக்குக் கொடுக்கிற தாளில் அவன் பெயரையும் எழுதுங்கள். ஆனால் அவன் கணக்கென்று நீங்கள் குத்தி, நீங்கள் எறிந்து, நீங்களே சுண்டுகிற தடி உங்களுடையதுதான். ஒன்பது வயதுக் கைக்கு ஏழு அடித் தடி பாரம். நாலு முழ மூங்கில் கம்பில் அதே நீளத்துக்கு நூல் கட்டி, நுனியில் இருந்து இரண்டு சாணுக்கு மேல் தக்கையை வைத்து, 10 ஆம் இலக்க முள்ளில் பாதி மண்புழுவைக் கோத்துக் கொடுங்கள். முதல் நாளைக்கு முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கிற சின்னப் பல்லைக் குறட்டால் நசுக்கிவிட்டால், எங்கே குத்தினாலும் சுலபமாகக் கழரும். தக்கை தாழ்ந்து பக்கவாட்டில் நகரும்போது தூக்கச் சொல்லுங்கள். அவன் தன் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அவனைப் பார்க்கவேண்டும், அதனால் அன்றைக்கு உங்களுக்கு இரண்டு வேண்டாம், ஒன்று.